டைம்ஷீட்டில் ஏறாத மணி நேரங்கள்: டெலிவரி மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் தரமணி முதல் சிறுசேரி வரை ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் டீம்களை நடத்தும் டெலிவரி மேனேஜர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருஷமாக ஜாவா எழுதிப் பிழைப்பவன் நான். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, 2023 அக்டோபரில். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசிய வீடியோ 2025 ஜனவரியில் சுற்றியது. வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். ("முதல்ல பாக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள் என் மனைவி.) ஆனால் இந்த மடல் அவர்களுக்கு இல்லை. ராத்திரி பத்தரைக்கு "ஒரு குயிக் கால்" என்று கூப்பிடுகிறவர்கள் நீங்கள்தான்.

நீண்ட நேர உழைப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ எழுதிவிட்டுப் போன பழைய புரோகிராமை நள்ளிரவு வரை உட்கார்ந்து படித்ததுதான் எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. அப்போது யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இப்போது நடப்பது வேறு. ஒரு வேலைக்கு 40 மேன்டே (ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஒரு மேன்டே) ஆகும் என்று டீம் எஸ்டிமேட் கொடுக்கிறது. டீல் கை நழுவிவிடக் கூடாதென்று நீங்கள் அதை 28 ஆக வெட்டிக் கிளையண்ட்டுக்கு அனுப்புகிறீர்கள். மிச்சம் 12 நாள் வேலை எங்கே போகும்? எங்கள் சனிக்கிழமைகளுக்குள்ளும், பிள்ளைகள் தூங்கிய பிறகு திறக்கும் லேப்டாப்புக்குள்ளும் போகிறது. உழைத்த நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டில் மட்டும் போகாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போட்டால் அது சிவப்பு காட்டும். "எட்டே போட்டுடுப்பா" என்று லீடும் சொல்லிவிடுவார். ஆக, 28 நாளில் வேலை முடிந்தது என்று பதிவாகிறது. அடுத்த புராஜெக்ட்டுக்கு அந்தப் பொய்க் கணக்கே ஆதாரம். அங்கேயும் நீங்கள் கொஞ்சம் வெட்டுவீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ரிலீஸ் வாரம். தொடர்ந்து ஐந்து நாள், தினம் பதினான்கு மணி நேரம். ஐந்தாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து, கிளையண்ட்டின் நிஜ டேட்டா இருக்கும் புரொடக்ஷனில் ஓர் அப்டேட்டை ஓட்டிவிட்டேன். நான் கொடுத்த கட்டளையில் ஒரு தப்பும் இல்லை. திறந்திருந்த விண்டோதான் தப்பு. பேக்கப்பிலிருந்து மீட்க நாலு பேருக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. அந்த வாரம் நான் கூடுதலாகப் போட்டது முப்பது மணி நேரம். சரிசெய்ய ஆனது அறுபத்து நாலு. அந்த ரிலீஸுக்காக எங்கள் டீமுக்கு விருதும் கொடுத்தார்கள், அது தனிக் கதை.

என் அனுபவம் மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்கவெல், முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் வெடிமருந்து ஆலைகளின் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு 50 மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தி சரிகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் 55 மணி நேரம் உழைத்தவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி அதிகமாகச் செய்துவிடவில்லை. குண்டையாவது அன்றன்றே எண்ணிவிடலாம். களைப்பில் எழுதிய புரோகிராமில் இருக்கும் பிழை மூன்று மாதம் கழித்து, கிளையண்ட் வீட்டில்தான் வெடிக்கும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லிவிட்டன. 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். உங்களிடம் இப்போது அந்தப் பணத்தைக்கூட நான் கேட்கவில்லை. டைம்ஷீட்டில் அந்தக் கட்டத்தைத் திறந்துவிடுங்கள். பத்து மணி நேரம் உழைத்தால் பத்து என்று போடவிடுங்கள். மூன்று மாதக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த எஸ்டிமேட்டை வெட்டுங்கள், பார்க்கலாம்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து நான் உள்ளதை உள்ளபடி போடப்போகிறேன். அது சிவப்பு காட்டினால், அப்ரூவலுக்கு உங்களிடம்தான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் டீமில் ஒருவன்