சேரும்போதே சொல்லிவிடுங்கள்: நாய்க் காப்புறுதி விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் செல்லப்பிராணிக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களுக்கும் பொதுக் காப்புறுதிச் சங்கத்திற்கும்,

வணக்கம்.

நான் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் நாய் வளர்ப்பாளர். எங்கள் புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் நாய் வாங்குகிறவர்கள், தத்தெடுக்கிறவர்கள் எந்தக் காப்புறுதியை எடுப்பது என்று கேட்டு வருவார்கள். உங்கள் திட்ட விளக்கங்களை அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பேன். சந்தா எவ்வளவு, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் (சேர்ந்த பின் கோரிக்கை ஏற்கப்படாத தொடக்க நாட்கள்) எத்தனை நாள் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என் நாயின் காலுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் பணம் தருவார்களா?” இதற்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. உங்கள் தொலைபேசிச் சேவையில் இருப்பவர்களாலும் முடிவதில்லை. “கோரிக்கை வந்த பிறகு பரிசீலித்துச் சொல்வோம்” என்பார்கள். இந்த வழக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் புளோக்கில் ஓர் அம்மா டாய் பூடில் வளர்க்கிறார். குட்டியாக வந்தபோதே தடுப்பூசிக்கு அழைத்துப் போனார். கால்நடை மருத்துவர் வழக்கம்போல் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்: இடது முழங்கால் சில்லு இலேசாக நகர்கிறது, வலி இல்லை, சிகிச்சை தேவையில்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்து அந்த அம்மா காப்புறுதி எடுத்தார். விண்ணப்பத்தில் நாயின் இனம், பிறந்த தேதி, மைக்ரோசிப் எண் கேட்டார்கள். நோய் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். மருத்துவரே சிகிச்சை வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் இல்லை என்று நிரப்பினார். பதிவேட்டின் நகலை யாரும் கேட்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. ஒவ்வோர் ஆண்டும் சந்தா தவறாமல் போயிற்று. ஒருநாள் சோபாவிலிருந்து குதித்த நாய் இடது பின்னங்காலை ஊன்ற மறுத்தது. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டிய நிலை. அவர் மருத்துவமனைக்கு முழுத் தொகையையும் கட்டிவிட்டுக் கோரிக்கை அனுப்பினார். அப்போதுதான் நிறுவனம் முதன்முறையாக மருத்துவப் பதிவேடு முழுவதையும் கேட்டது. குட்டிப் பருவத்தில் எழுதிய அந்த ஒரு வரி அகப்பட்டது. ஏற்கனவே இருந்த குறைபாடு என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அதோடு முடியவில்லை. ஒரு பக்கத்தில் இருந்த குறை மறுபக்கத்திலும் இருந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதியைக் காட்டி, வலது காலும் இனி காப்புறுதியில் வராது என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை நான் என் கையில் வைத்துப் படித்தேன். ஒப்பந்தத்தின்படி பார்த்தால் அதில் பிழை காண்பது கடினம். நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். ஒப்பந்தத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது, போய் என்ன பயன் என்று அவர் விட்டுவிட்டார். எனக்கு ஆறவே இல்லை. அந்த வரி முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் இருந்தது. முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிப் படித்து, “இந்த நாயின் முழங்கால்களுக்கு எங்களிடம் காப்புறுதி இல்லை, மற்றவற்றுக்கு உண்டு” என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் யோசித்து முடிவெடுத்திருப்பார். அந்தச் சந்தாவை மாதாமாதம் தனியாகச் சேமித்திருப்பார், அல்லது விபத்துக்கு மட்டுமான மலிவுத் திட்டத்தை எடுத்திருப்பார். அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

முழங்காலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். பூடில், பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷையர் டெரியர், மால்டீஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முழங்கால் சில்லு விலகுவது இத்தகைய சிற்றினங்களில் மிகவும் பரவலாகக் காணப்படும் எலும்புக் குறை. மருத்துவர்கள் அதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் விரலால் தள்ளினால் சில்லு நகரும், விட்டால் தானே இடத்துக்கு வந்துவிடும். நாய்க்கு எந்தத் தொல்லையும் இருக்காது. நான்காம் நிலையில் சில்லு நிரந்தரமாக விலகியே இருக்கும். முதல் நிலையில் உள்ள நாய்கள் பல கடைசி வரை அறுவை சிகிச்சையே இல்லாமல் ஓடியாடி வாழ்ந்து முடிக்கின்றன. சிற்றினங்களில் இதயத் தடுக்கிதழ் நோய், மூச்சுக்குழாய் சுருங்குதல், பல் நோய்கள் ஆகியவையும் அதிகம். ஆக, அடுக்குமாடியில் வாழும் நமக்கு அனுமதிக்கப்பட்ட நாய்களுக்கு எந்த நோய் வரும் என்பது உங்களுக்கும் தெரியும், மருத்துவர்களுக்கும் தெரியும். அதே நோய்கள்தான் பல திட்டங்களில் ‘பரம்பரைக் குறைபாடு’, ‘பிறவிக் குறைபாடு’ என்ற தலைப்புகளில் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. சில திட்டங்கள் அவற்றை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை, சில ஓரளவு ஏற்கின்றன. எது எப்படி என்று அறிய முப்பது நாற்பது பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

தத்தெடுத்த நாய்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. நான் வளர்ப்பதும் அப்படித் தத்தெடுத்த ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வீவக வீடுகளில் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் ‘அடோர்’ திட்டம் 2012இல் தொடங்கியது. 2020இல் எடை வரம்பை நீக்கி, தோள்பட்டை உயர வரம்பை 55 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் பிறந்த எத்தனையோ நாய்கள் அதன் பிறகு வீட்டுக்குள் வந்தன. இவற்றின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. மருத்துவர் பல்லைப் பார்த்து, ஏறத்தாழ இவ்வளவு வயது என்கிறார். அந்த மதிப்பீடுதான் மைக்ரோசிப் பதிவில் ஏறுகிறது, உரிமத்தில் ஏறுகிறது, கடைசியில் உங்கள் விண்ணப்பத்திலும் ஏறி, இந்த நாய் சேரலாமா கூடாதா என்பதையும் சந்தா எவ்வளவு என்பதையும் முடிவு செய்கிறது.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல். நம் ஊரின் வெப்பத்திலும் ஈரத்திலும் உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கிறது. அது பரப்பும் எர்லிக்கியா கிருமி நாயின் உடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். பிறகு ஒருநாள் ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்து, நாய் படுத்துவிடும். இது காப்புறுதி எடுத்த பின் வந்த நோயா, முன்பே இருந்ததா? உரிமையாளராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஐயத்தை யார் சுமப்பது என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சேரும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்து, முடிவு சுத்தமாக இருந்தால், அதன் பிறகு வரும் உண்ணிக் காய்ச்சலைப் புதிய நோயாகவே கொள்வோம் என்று எழுதிக் கொடுங்கள். பரிசோதனைச் செலவை நாங்களே ஏற்கிறோம். நான் பேசிப் பார்த்த வளர்ப்பாளர்களில் இதற்குத் தயங்கியவர் எவரும் இல்லை.

ஏற்கனவே உள்ள நோய்களை விலக்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நோய் வந்த மறுநாள் காப்புறுதி எடுக்கலாம் என்றால் எந்த நிறுவனமும் நிலைக்காது. மனிதர்களுக்கான தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பர் முதல் ஏற்கனவே உள்ள நோய்களையும் ஏற்கிறது என்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனைவரும் அதில் கட்டாயம் இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. நாய்க் காப்புறுதி விருப்பத்தின்பேரில் எடுப்பது. மருத்துவச் செலவுக்கான நம் கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் பணத்தையும் இதற்குத் தொட முடியாது. இந்த வேறுபாடுகள் எங்களுக்குப் புரிகின்றன. விலக்க வேண்டியதை விலக்குங்கள். எதை விலக்குகிறீர்கள் என்று, அந்த ஒரு நாயைக் குறித்து, முதல் சந்தா வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள்.

இப்போதைய முறையால் விளையும் கேட்டை நேரில் பார்க்கிறேன். “டாக்டர், இதைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்” என்று கெஞ்சும் உரிமையாளர்களை எனக்குத் தெரியும். காப்புறுதியின் காத்திருப்புக் காலம் முடியட்டும் என்று நாயின் நொண்டலைப் பார்த்தும் பார்க்காமல் இருப்பவர்களையும் தெரியும். நேர்மையாக எழுதும் மருத்துவரும், சிறு மாற்றம் தெரிந்தவுடன் ஓடிப்போய்க் காட்டும் உரிமையாளரும் தண்டிக்கப்படுகிறார்கள். இதில் வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பது பேச முடியாத அந்த உயிர்.

இன்னொன்றையும் இளம் வளர்ப்பாளர்கள் தாமதமாகவே உணர்கிறார்கள். ஒரு திட்டத்தில் இருக்கும்போது வந்த நோய், வேறு நிறுவனத்துக்கு மாறினால் ‘ஏற்கனவே உள்ள நோய்’ ஆகிவிடுகிறது. ஆகவே முதலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதிலேயே நாயின் ஆயுள் முழுவதும் இருந்தாக வேண்டியதுதான். சிறிய நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும், சில திட்டங்களில் நாம் ஏற்க வேண்டிய பங்கும் கூடும். இத்தனை நீண்ட முடிவை முதல் ஆண்டுச் சந்தாவை மட்டும் பார்த்து எடுக்கச் சொல்வது நியாயமில்லை. ஆறாம் வயதில், பத்தாம் வயதில் இன்றைய விகிதப்படி எவ்வளவு வரும் என்பதையும் அதே தாளில் அச்சிடுங்கள்.

செலவுகளைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. மருத்துவக் கட்டணத்துக்கும் சந்தாவுக்கும் 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு என்பதும், ஆண்டு உச்சவரம்புக்குள் ஒவ்வொரு வருகைக்கும் ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனி வரம்பு இருக்கலாம் என்பதும் விளம்பரத்தின் பெரிய எழுத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் போதும்.

சட்டம் கேட்கும் இடத்தில் நீங்கள் தெளிவாகத்தான் இருக்கிறீர்கள். ராட்வைலர், டோபர்மன் போன்ற குறிப்பிட்ட இனங்களை வளர்ப்பவர்கள் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் குறைந்தது 100,000 வெள்ளிக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அங்கே தொகையிலும் குழப்பமில்லை, எதற்கு என்பதிலும் குழப்பமில்லை. ஆயுள் காப்புறுதித் திட்டங்களை ஒப்பிட 2015இல் கம்பேர்ஃபர்ஸ்ட் என்ற இணையத்தளம் வந்தது. நாணய ஆணையம், பயனீட்டாளர் சங்கம், ஆயுள் காப்புறுதித் துறை எல்லாம் கைகோத்தபோது அது நடந்தது. செல்லப்பிராணித் திட்டங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை ஒரே அட்டவணையில், ஒரே சொற்களில் வைப்பது பொதுக் காப்புறுதிச் சங்கத்துக்குப் பெரிய வேலையாக இருக்காது. முழங்கால் சில்லு, முழங்கால் தசைநார் அறுதல், இதயத் தடுக்கிதழ், உண்ணிக் காய்ச்சல், பல், தோல் ஒவ்வாமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்கிறோம், ஏற்கவில்லை, இத்தனை நாள் கழித்து இவ்வளவு வரை ஏற்கிறோம் என்று எழுதினால் போதும். அதை நான்கு மொழிகளிலும் தாருங்கள். மெடிஷீல்டு லைஃப் பற்றித் தமிழில் படித்துப் புரிந்துகொண்ட என் அண்டைவீட்டுத் தாத்தா, தம் நாய்க்கான ஒப்பந்தத்தை வேலை முடிந்து வரும் பேரன் படித்துச் சொல்லும் வரை காத்திருக்கிறார்.

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனைகளும் முறைப்படி அனுமதிக்கப்படுகின்றன. உரிமம், மைக்ரோசிப் என்று பூனை வளர்ப்பாளர்களும் உங்களைத் தேடி வருகிறார்கள். உங்கள் சந்தை பெரிதாகும் இந்த நேரத்திலேயே இதைச் சரிசெய்யலாம்.

நான் கேட்பவை இரண்டு. விண்ணப்பிக்கும்போதே மருத்துவப் பதிவேட்டையும் மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பையும் வாங்கிப் பார்த்து, அந்த நாய்க்குரிய விலக்குகளைப் பெயர் சொல்லி எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். அப்படி எழுதிய பிறகு, அதே பதிவேட்டில் இருந்த எதையும் காரணம் காட்டிப் பின்னாளில் கோரிக்கையை நிராகரிக்காதீர்கள். உரிமையாளர் மறைத்த பதிவு ஏதேனும் வெளிப்பட்டால் அது வேறு விஷயம், அப்போது மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இதற்கெனச் சிறு கட்டணம் வைத்தாலும் கட்டுவதற்கு நாங்கள் தயார்.

உங்களில் எந்த நிறுவனமாவது இந்த முறையைத் தொடங்கினால் எனக்கும் தெரியப்படுத்துங்கள். அடுத்த வாரம் எங்கள் புளோக்கில் ஒரு குடும்பம் காப்பகத்திலிருந்து நாயை அழைத்து வருகிறது. எந்தத் திட்டம் எடுக்கலாம் என்று இப்போதே கேட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர், நாய் வளர்ப்பாளர்