லீவு போடாதே என்று சொல்லிவிடு

அன்புள்ள மீனா,

உன் மெயில் வந்து வெகுநாள் ஆச்சு, கோபித்துக்கொள்ளாதே. புடாபெஸ்டில் இருக்கும்போது வந்தது. ஃபோனில் தட்டித் தட்டி நாலு வரி அனுப்புவதைவிட ஊருக்கு வந்து ஆற அமர எழுதலாம் என்று வைத்துவிட்டேன். இப்போது திருச்சியில், துணியெல்லாம் துவைத்துப் போட்டாயிற்று, அம்மாவிடம் எல்லாக் கதையையும் ஒரு தடவை சொல்லி முடித்தாயிற்று, உனக்கு ரெண்டாவது ஆட்டம்.

நீ கேட்ட விசா, பாஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம், அதிலும் உன் விசாவில் எத்தனை நாள் போட்டுத் தருகிறார்களோ அவ்வளவுதான். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறாயோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடு. யார் வீட்டில் தங்கப் போகிறாயோ அவர்களிடம் ஒரு அழைப்புக் கடிதம் வாங்கி வை. ரயிலுக்கு யூரெயில் பாஸ், ஒரே பாஸில் பல நாட்டு ரயிலில் போகலாம். இன்டர்ரெயில் என்று ஒன்றைத் தேடினால் வரும், அது அங்கேயே குடியிருப்பவர்களுக்கு, நமக்கில்லை. பாஸ் இருந்தால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலும் நேராக ஏறி உட்கார்ந்துவிடலாம், ஆனால் பிரான்ஸ் அதிவேக ரயிலுக்கும் ராத்திரி ரயிலுக்கும் தனியாகக் காசு கட்டி இடம் பிடிக்க வேண்டும், அதுவும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். மீதியை ஃபோனில் கேள்.

இப்போது நான் சொல்ல நினைத்தது. நீ யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக "எனக்காக லீவு போடாதே" என்று சொல்லிவிடு.

பாரிஸில் ஜோ வீட்டில் இது தானாக நடந்தது. அவளுக்கு மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி, காலையில் வந்து படுத்தால் மதியம் மூணு மணிக்குத்தான் எழுந்திருப்பாள், சாவியைக் கையில் கொடுத்து "ஊரைச் சுத்திட்டு வா, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்றாள், அவ்வளவுதான் உபசாரம். அவள் இருப்பது லா கூர்னேவ் என்ற புறநகரில், கார் தி நோர் நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயிலில் கொஞ்ச தூரம். நான் காலையில் நோத்ர தாம் போனேன் (2019 தீ விபத்துக்கு அப்புறம் 2024 டிசம்பரில் திறந்தார்களே, உள்ளே கல்லெல்லாம் அவ்வளவு வெளுப்பு, பழைய படங்களில் பார்த்த இருட்டே இல்லை), திரும்பும்போது லா ஷப்பேலில் இறங்கிக் கொத்தமல்லி. அந்தத் தெருவில் கடைப் பலகையெல்லாம் தமிழில், முருங்கைக்காய், மரவள்ளி, கொத்து ரொட்டி, எல்லாம் இருக்கிறது. கல்லாவில் இருந்த அக்கா என் முதுகுப் பையைப் பார்த்துவிட்டு "ஊரிலயிருந்தே வாறியள்? எந்த இடம்?" என்று கேட்டார். திருச்சி என்றதும், "அங்க எங்கட சனம் நிறையப் பேர் இருக்கினமே" என்று ஒரு கட்டுக் கறிவேப்பிலையைச் சும்மாவே பைக்குள் திணித்துவிட்டார். சாயங்காலம் ஜோ ரசம் வைப்பாள், நான் சாதம், அவள் டியூட்டிக்குக் கிளம்பும்வரை ரெண்டு மணி நேரப் பேச்சு. பாண்டிச்சேரியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

ஸ்டுட்கார்ட்டில் நேர் எதிர். பெரிய சுதா எனக்காக லீவு போட்டிருந்தாள், எக்ஸெலில் அட்டவணை வேறு! பாரிஸிலிருந்து மூணேகால் மணி நேர ரயில், அந்த நிலையத்தை 2010-லிருந்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நடைபாதை சுற்றிச் சுற்றிப் போகிறது, அதைத் தாண்டி வெளியே வந்ததுமே "லேட் ஆயிடுச்சு, வா வா" என்று ஆரம்பித்தாள். லுட்விக்ஸ்பர்க் அரண்மனை, கார் மியூசியம், டிவி கோபுரம். பாவம், அவ்வளவு பாசம், ஆனால் ரெண்டு பேருமே போட்டோ எடுக்கிறோம், அடுத்த பஸ் எப்போது என்று பார்க்கிறோம், பேச்சு மட்டும் இல்லை. ராத்திரி வந்தால் அசதியில் தூக்கம்.

லீவு முடிந்த அன்று அவள் வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. கேர்வொஹெ என்று அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, வாடகைக்கு இருப்பவர்கள் வாரம் ஒருவராக முறை வைத்துப் பொதுப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை முடிந்ததும் அட்டையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும், நழுவவே முடியாது. இவள் முறைக்குப் பெரிய வேலையும் சேர்ந்து வந்தது: நிலவறைப் படி, வாசல் நடைபாதை எல்லாம். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாளியும் மாப்புமாக இறங்கினாள், நான் மேலேயிருந்து பெருக்கிக்கொண்டே வர அவள் பின்னாலேயே துடைத்தாள். ரெண்டாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டே, நான் கேட்காமலே, அவள் அப்பா 2021-ல் போனதைச் சொன்னாள். ஃப்ளைட் கிடைக்கவில்லை, அண்ணன் ஃபோனைப் பிடித்துக் காட்ட, இங்கே சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தாளாம். நடுவில் நெட் போய்விட்டது, திரும்ப வந்தபோது வாசலில் யாரும் இல்லை. "அதுக்கப்புறம் நான் ஊருக்குப் போன ரெண்டு தடவையும் அந்த வாசல்ல நிக்கவே இல்லடி" என்றாள். கீழ் வீட்டுக் கிழவி எட்டிப் பார்த்து, நான் விட்ட ஒரு மூலையை விரலால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சுதா சிரித்துவிட்டாள். எனக்கு அந்த ஊர் என்றால் இனிமேல் அந்தப் படிக்கட்டுதான்.

உனக்கு இன்னொரு சேதி: அவள் அடுத்த வருஷம் கோயம்புத்தூருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறாள். நீயாகக் கேட்காதே, அவளே சொல்வாள்.

சின்னச் சுதா உட்ரெக்ட்டில் நன்றாக இருக்கிறாள், குண்டாகியிருக்கிறாள், குழந்தைக்கு இப்போது டச்சுதான் முதலில் வருகிறது. குழந்தையை முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் உட்காரவைத்து மழையில் ஓட்டுகிறாள், நம்ம ஹாஸ்டலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனவள் இவள்! மறுநாள் அவள் கணவருடைய சைக்கிளில் கேரியரில் என்னை வைத்து டபுள்ஸ் அடித்தாள், அங்கே அதற்குப் போலீஸ் பிடிப்பதில்லை. ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்துகிற இடம் இருக்கிறது, உள்ளே ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தலாம், எனக்கு அரண்மனையைவிட அதுதான் பிடித்தது. ஊர் நடுவில் 112 மீட்டர் கோபுரம், அதன் தேவாலயம் கொஞ்சம் தள்ளித் தனியாக நிற்கிறது. 1674-ல் ஒரு புயலில் நடுமண்டபம் விழுந்துவிட்டதாம், திரும்பக் கட்டவே இல்லை, இப்போது அந்த இடத்தில் ஜனம் நடக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதை அங்கே கறாராகக் கடைப்பிடித்தேன், சின்ன வீடு, குழந்தை வேறு.

அங்கிருந்து வியன்னாவுக்கு ராத்திரி ரயில். ஆறு படுக்கை உள்ள பெட்டி, நம்ம ஸ்லீப்பர் ஞாபகம் வரும், ஆனால் போர்வை தருகிறார்கள், விடிந்ததும் ரொட்டி, ஜாம், காபி.

வியன்னாவில் யார் என்று உனக்குத் தெரியும். அடையாறு வீட்டில் நம்மோடு இருந்தாளே கத்தரீனா, மோர்மிளகாயைச் சிப்ஸ் என்று நினைத்துக் கடித்தவள், அவளேதான். நகராட்சி கட்டிய குடியிருப்பில் இருக்கிறாள், சுவரிலேயே வியன்னா நகராட்சி எந்த வருஷம் கட்டியது என்று சிவப்பு எழுத்தில் பதித்திருக்கிறது. துவைக்கும் அறை பொது, நேரம் பதிந்துவைக்க வேண்டும், அவள் முறையில் என் பயணத் துணி முழுவதும் போட்டாள். மெஷின் ஓடுகிற நேரத்தில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற இன்னொரு நகராட்சிக் குடியிருப்பைக் காட்டக் கூட்டிப்போனாள், 1930-ல் திறந்தது, ஒரே கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1934 உள்நாட்டுச் சண்டையில் அரசாங்கமே அதன்மேல் பீரங்கியால் சுட்டதாம். ஒரு ராத்திரி ஆப்பெராவில் நின்றபடி பார்க்கிற மலிவு டிக்கெட். இடைவேளைக்குப் போகும்முன் கம்பியில் துண்டைக் கட்டி இடம் போட்டுவிட்டுப் போகிறார்கள், துண்டு போடுவதில் நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

புடாபெஸ்டில் தெரிந்தவர் யாரும் இல்லை, ஹாஸ்டல். ஊர் மற்ற எல்லாவற்றையும்விட அழகு என்றே சொல்வேன். 1896-ல் திறந்த குட்டி மெட்ரோ இன்னும் ஓடுகிறது, செச்சேனி வெந்நீர்க் குளத்தில் ஆவிக்கு நடுவே தாத்தாக்கள் கழுத்தளவு தண்ணீரில் செஸ் ஆடுகிறார்கள். பார்த்தேன், போட்டோ எடுத்தேன், உனக்கும் அனுப்பினேன். அதைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

நீ எந்த மாதம் கிளம்புகிறாய் என்று எழுது. கத்தரீனாவுக்கு அப்பளம் வேண்டுமாம், உளுந்து அப்பளம், பெரியது. மோர்மிளகாயும் கேட்டாள், இப்போது அவளுக்குப் பழகிவிட்டதாம், நான் நம்பவில்லை. பெரிய சுதாவுக்கு அட்டவணை போட வாய்ப்பே கொடுக்காதே, எந்த வாரம் அவள் முறை என்று கேட்டுக்கொண்டு அந்த வாரமே போ.

அன்புடன்,
ராஜி

பி.கு. சூட்கேஸ் எடுக்காதே. சின்னச் சுதா வீட்டு மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கிறது, அவள் கணவரே அலமாரியை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்றினாராம்.