நூலகப் பணியாளருக்கு வாரம் ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலக மேம்பாடு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் புதிய கட்டடம், கணினிகள், இணைய இணைப்பு ஆகியவையே முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றைக் கையாள வேண்டிய பணியாளர் எந்த நேரத்தில் அவற்றைப் பழகிக்கொள்வது என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. நூலகப் பணியிலேயே முடி நரைத்தவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் கல்லூரி மாணவி ஒருவர் கைப்பேசியில் ஐந்து நூல்களின் பட்டியலைக் காட்டினார். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டு நூல்கள் அடுக்கிலேயே கிடைத்தன. மற்ற மூன்றையும் எங்கள் பட்டியலிலும், பிறகு வேறு நூலகங்களின் இணையப் பட்டியல்களிலும் முக்கால் மணி நேரம் தேடிவிட்டு, "எங்களிடம் இல்லையம்மா" என்று கைவிரித்தேன். அந்த மூன்றையும் எவரும் எழுதவே இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. பட்டியலைத் தந்தது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்தே வாக்கியம் அமைப்பவை அச்செயலிகள். உண்மையான ஆசிரியர் ஒருவரின் பெயரோடு இல்லாத தலைப்பை ஒட்டித் தருவது அவற்றிடம் அடிக்கடி காணப்படும் குறை. எனக்கு நன்கு தெரிந்த துறை ஒன்றில் நூற்பட்டியல் கேட்டு ஒரே ஒரு முறை அதைச் சோதித்துப் பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் ஐயம் எழுந்திருக்கும். மறுவாரம் அந்த மாணவியிடம் உண்மையைச் சொன்னபோது, அதற்குள் வேறு இரண்டு நூலகங்களுக்கும் சென்று வந்துவிட்டதாகச் சொன்னார். ஓரிடத்தில், நூல் இரவல் போயிருக்கலாம், பிறகு வாருங்கள் என்றார்களாம்.

இப்படிப் புதிய கருவியைத் தாமே சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பணியாளரிடம் வளர்க்க வழியில்லாமல் இல்லை. அமெரிக்காவில் சார்லட் நகரப் பொது நூலகத்தில் 2006-ஆம் ஆண்டு ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் வகுத்த '23 திங்ஸ்' என்ற திட்டம் நல்ல முன்மாதிரி. வலைப்பதிவு தொடங்குதல், படங்களைப் பகிர்தல், இணையதளங்களில் புதிதாக வருவதைத் திரட்டித் தரும் செய்தியோடைகளைப் பின்தொடர்தல், பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கியில் எழுதுதல் என 23 சிறு வேலைகளைப் பணியாளர் தாமே செய்து பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் தம் வலைப்பதிவில் நாலு வரி எழுத வேண்டும், புனைபெயரிலும் எழுதலாம். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசு. பாடத்தைப் பிறரும் எடுத்தாளலாம் என்று உரிமம் வழங்கியிருந்ததால் பல நாடுகளின் நூலகங்கள் அதைத் தமக்கேற்ப மாற்றி நடத்தின. 2010-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்களும் நடத்தினார்கள்.

அன்று பழகிய கருவிகள் சில இன்று இல்லை என்பது உண்மைதான். செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே அந்த உழைப்பு வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள், நான் உடன்படவில்லை. அறியாத ஒரு பக்கத்தைத் திறந்து, அஞ்சாமல் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்து, தவறினால் திரும்பி வரத் தெரிந்தவருக்கு அடுத்த கருவி கடினமாக இருப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் அரங்கில் அமர்ந்து திரையில் ஓடும் படங்களைப் பார்ப்பதால் அது வருவதில்லை. (மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வில் எங்களில் எத்தனை பேர் விழித்திருந்தோம் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.)

எனவே நூலக நிருவாகங்களிடம் நான் வேண்டுவது, வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே இதற்கென ஒதுக்க வேண்டும் என்பதே. வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர் மட்டுமே பழகுவார். இதனோடு வேறு ஒரு சிக்கலும் உண்டு. சமூக ஊடகத் தளங்கள் அலுவலகக் கணினியில் முடக்கப்பட்டிருக்கும்போது, நூலகத்தின் பக்கத்தை யாரேனும் ஒருவர் தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து நடத்த வேண்டியதாகிறது. நானறிந்த ஒரு நூலகத்தில் அவ்வாறு நடத்திவந்தவர் பணி மாறிப் போனார். கடவுச்சொல்லை மீட்கும் எண் அவருடையது, அந்த எண்ணையும் அவர் மாற்றிவிட்டார். இப்போது அந்தப் பக்கத்தில் பழைய வேலை நேரமே காட்டப்படுகிறது. அதை நம்பி வரும் வாசகர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார். கணக்கை நூலகத்தின் மின்னஞ்சலில் தொடங்கி, குறைந்தது இருவருக்கு நிருவாக உரிமை கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திராது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. அலுவலகக் கணினியில் அந்தத் தளங்களைத் திறந்துவிட ஓர் ஆணை போதும்.

இப்படிக்கு,
பணியிலுள்ள நூலகர் ஒருவர்