எல்லாமே 'கிரிஸ்பி' என்றால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சமையல் பக்கத்தில் தட்டை, தோசை, வெள்ளரி சாலட் மூன்றுக்கும் 'கிரிஸ்பி' என்றே எழுதுகிறீர்கள். ஆங்கிலத்தில் அது பிழையில்லை. அடுப்படியில்தான் குழப்பம்.

தட்டை மொறுமொறுப்பது அதில் ஈரம் இல்லாததால். வெள்ளரி நறுக்கென்று கடிபடுவது அதன் செல்களில் தண்ணீர் விம்மி நிற்பதால். ஈரம் ஏறினால் தட்டை நமத்துப்போகும். ஈரம் போனால் வெள்ளரி துவண்டுவிடும். வைத்தியமும் நேரெதிர். துவண்ட துண்டுகளை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மீளும். உப்பைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். முன்பே போட்டால் நீர் விட்டுவிடும். நமத்த தட்டையை வெறும் வாணலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் புரட்டி எடுத்து ஆறவிட வேண்டும். சூட்டோடு கடித்துப் பார்த்து, இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று கருக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு தெரியும்.

'கிரிஸ்பி' வேறு, 'கிரஞ்சி' வேறு. அப்பளம் முன்பல்லில் பட்டதும் மெல்லிய ஒலியோடு நொறுங்கும், அது கிரிஸ்பி. கைமுறுக்கு கடைவாயில் பலமுறை அரைபட்டுக் கனத்த ஒலி எழுப்பும், அது கிரஞ்சி. காதுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. 2004இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் ஓசையை ஹெட்ஃபோனில் கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே வகை சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகத் தோன்றியது. மொறுமொறு, கரகர, நறுக் என்று நம் சொற்களே ஓசையிலிருந்து பிறந்தவைதாமே! 'கிரிஸ்ப்' என்பதன் லத்தீன் மூலத்துக்கோ 'சுருண்ட' என்று பொருள். முறுக்குக்குப் பொருந்தும், அவ்வளவுதான்.

தோசைக்கு 'முறுகல்' இருக்கிறது. மாவை மெல்லிசாக இழுத்து, மூடாமல், ஒரு பக்கம் மட்டும் சிவக்கவிட வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

'கிரிஸ்பியாகும்வரை பொரிக்கவும்' என்ற குறிப்புதான் மிகவும் மோசம். கொதிக்கும் எண்ணெயில் கிடப்பதை யார் கடித்துப் பார்ப்பது? பெருந்தீயில் தட்டை மேலே சிவந்துவிடும், நடுவில் ஈரம் தங்கும், சாயங்காலத்துக்குள் நமத்துவிடும். மிதமான தீயில், எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை பொரிக்கவும், முழுக்க ஆறியபின் டப்பாவில் போட்டு மூடவும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
சமையற்கலை ஆசிரியை, மதுரை