பஸ்ஸில் போகிறவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பயணத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பத்திரிகைகளில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. நிறையத் தண்ணீர் குடியுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், ஓட்டலில் ஜிம் இருந்தால் விடாதீர்கள். எனக்குப் படிக்கப் படிக்கச் சிரிப்புதான் வருகிறது. நான் சிவகாசிக்காரன், தினசரி காலண்டருக்கு ஆர்டர் எடுப்பது தொழில். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிவிட்டால் மார்கழி வரை ஊர் ஊராக அலைச்சல்தான். தங்குவது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஏதாவது ஒரு லாட்ஜில். ஜிம்முக்கு எங்கே போவது, லிஃப்ட்டே பாதி நாள் ஓடாது (ஆல்பம் பையோடு மூன்று மாடி ஏறி இறங்குவதால் அதுவே ஒரு ஜிம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்).

போன ஐப்பசி மழையில் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோர சீட், காலடியில் பை, காலை நீட்ட வழியில்லை. விடிந்து இறங்கப் பார்த்தால் கழற்றி வைத்த ஷூவுக்குள் இடது கால் நுழையவே இல்லை. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு இப்போதைக்குப் பயமில்லை என்றார். கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறுமாம். மணிக்கணக்கில் காலைத் தொங்கப் போட்டே உட்கார்ந்திருந்தால் நீர் கோத்துக்கொள்ளும், அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரல் வரை போய்விடும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. சென்னைக்கும் சிவகாசிக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல்.

அதன்பிறகு நான் மாறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன், தையல் மெஷின் மிதிப்பது மாதிரி. பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பொதிகை ரயிலில் டிக்கெட் கிடைத்தால் அன்றைக்கு யோகம். ஒரு மணி நேரம் முன்னாடியே எழும்பூர் போய்விடுவேன். ஒரு பெட்டி 23 மீட்டருக்கு மேல், 20 பெட்டி நிற்கிற பிளாட்பாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை கிலோமீட்டர் தேறும். மூன்று தடவை போய் வந்தால் 3 கிலோமீட்டர், அன்றைய கோட்டா முடிந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் போதும் என்கிறார்கள், அதை ஸ்டேஷனிலும் கடைத்தெருவிலுமே எடுத்துவிடலாம். கோவைக்குப் போனால் ரேஸ்கோர்ஸ் நடைபாதை, திருச்சி என்றால் மலைக்கோட்டைப் படிகள். கடைக்காரர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள், அதுவரை லாட்ஜ் கட்டிலில் கிடந்து போனைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, நடை என் கையில் இருக்கிறது. தண்ணீர்?

சென்னையில் மகள் வீட்டுக்கு வந்து போகும் என் மனைவி, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவாள். அப்புறம் விடிந்து வீட்டுக்கு வந்துதான் ஒரு சொம்பு. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நீர்க்கடுப்பில் அவதி. அவளைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி ஒன்றரை மணிக்கு நெடுஞ்சாலையோரம் ஒரு மோட்டலில் பஸ் நிற்கிறது. காதைப் பிளக்கிற பாட்டு, எண்ணெய் மிதக்கிற குருமா. "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். கழிப்பறை வாசலில் மேசை போட்டு ஒருவர் பத்து ரூபாய் வாங்குகிறார். கொடுத்துவிட்டு உள்ளே போனால் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு கயிறுதான் தொங்குகிறதாம், கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். வெளியே பெண்கள் வரிசை பாதி நகர்வதற்குள் ஹாரன் அடிக்கிறார்கள். இதில் ஆண்கள் இருட்டில் எங்காவது ஒதுங்கிவிடுகிறோம், அதனால்தானோ என்னவோ இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அரசு பஸ்கள் எந்த மோட்டலில் நிற்க வேண்டும் என்பதைப் போக்குவரத்துக் கழகம் டெண்டர் விட்டுத்தான் முடிவு செய்கிறது. அந்த டெண்டரில் தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர் உள்ள இலவசக் கழிப்பறை என்று ஒரு வரியைக் கறாராகப் போட்டு, மாதம் ஒருமுறை ராத்திரி வேளையில் ஒரு பெண் அதிகாரி போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பத்து நிமிடத்தை இருபது ஆக்கினால் இரண்டு சுற்று நடக்கவும் முடியும். டோல்கேட்டுகளில் கழிப்பறை கட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே பஸ் நிற்பதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு டோல்கேட்டில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? பஸ் ஒன்றும் விமானம் இல்லையே, ஓரங்கட்டினால் நிற்கப் போகிறது.

தீபாவளி முடிந்து மகள் வீட்டிலிருந்து திரும்ப பொதிகையில் இடம் இல்லை, பஸ்ஸில்தான் போட்டிருக்கிறேன். தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்து வை என்று மனைவியிடம் சொன்னேன். எதற்கு, வாய் கொப்பளிக்கவா என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
காலண்டர் ஆர்டர் எடுப்பவர்,
சிவகாசி.