மூன்றாம் படியில் நின்ற தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த மார்ச் மாதப் பனிமலை ஸ்கீ பயணத்துக்கு உன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நீ அனுப்பிய செய்தியை இரண்டு முறை படித்தேன். "என்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுப்போனது" என்று அதில் எழுதியிருந்தாய். அந்த எண்ணம் உன் மனத்தில் விழுந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதால், உன் சம்மதத்தைப் பெற்று, உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பிறரும் படிக்கும்படியே இதை எழுதுகிறேன்.

கல்கரியிலிருந்து இருட்டோடு புறப்பட்டு, மேற்குக் கனடாவின் மலைகளுக்கிடையே உள்ள ரோஜர்ஸ் கணவாயில் நாம் இறங்கிய காலையில், எங்களில் எவரையும்விட நீதான் மகிழ்ச்சியாக இருந்தாய். பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீண்ட பட்டையான ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ஒட்டும் ஸ்கின் துணி முன்னே வழுக்கிச் செல்ல விட்டுப் பின்னே சறுக்காமல் பிடித்துக்கொள்வதை, முதல் அரை மணி நேரம் குனிந்து குனிந்து பார்த்தபடியே நடந்தாய். அஸுல்கன் பள்ளத்தாக்கில் 'எலிப்பொறி' என்று பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. மலைமேல் கிடக்கும் பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் பல பக்கங்களிலிருந்து வந்து சேரும் அந்த இடத்தை இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும் என்றபோது, எவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆபத்துக்கு ஒரு பெயர் இருந்தால் அதற்குக் கட்டுப்படுவது எளிது போலும். மாலையில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள குடிலை அடைந்தோம். பனியை உருக்கித் தண்ணீராக்கிப் பருப்பை அடுப்பில் ஏற்றினோம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு மசிய நெடுநேரம் ஆயிற்று.

மறுநாளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். யங்ஸ் சிகரத்துக்கு ஏறும் சரிவைச் 'சொர்க்கத்தின் ஏழு படிகள்' என்பார்கள். அதில் சறுக்கி இறங்க வேண்டும் என்பது எனக்கு ஆறு ஆண்டுக் கனவு. அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பு, மலையின் மேற்பகுதிக்கு ஐந்து நிலைகளில் மூன்றாவதைக் காட்டியது. நான்காவது நிலை என்றால் எல்லாரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்றாவதில்தான் மனிதர்கள் தங்களுக்குச் சாதகமாக வாதாடத் தொடங்குகிறார்கள். இரவில் புதுப்பனி விழுந்திருந்தது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கெட்டியான பலகைபோல் படியவைத்திருந்தது. இத்தகைய பலகை வலுவற்ற அடுக்கு ஒன்றின் மேல், 30 முதல் 45 பாகை வரையான சரிவில் கிடக்குமானால், ஓர் ஆளின் எடையே அதை அறுத்துவிடப் போதும்.

மூன்றாம் படியின் அடியில் உன் ஸ்கீயின் நுனியிலிருந்து பனியில் ஒரு வெடிப்பு மூன்று நான்கு மீட்டர் தூரம் கீறிக்கொண்டு ஓடியது. நீ நின்றாய். "அண்ணா, எனக்கு இது சரியாகப் படவில்லை, நான் மேலே வரமாட்டேன்" என்றாய். ஒருவர் வேண்டாம் என்றாலும் அனைவரும் திரும்ப வேண்டும் என்று முந்தின இரவு நாங்கள்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஆகவே திரும்பினோம். ஆனால் நான் இரண்டு மணி நேரம் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதுவரை நான் எவரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அதே போன்ற வெடிப்பை இரண்டாம் படியிலேயே என் ஸ்கீயின் முன்னால் நான் பார்த்தேன். பார்த்தும் நடந்தேன்.

பிற்பகலில் வேறொரு குழு அதே சரிவில் இறங்கி, சிரித்துக்கொண்டே குடிலைக் கடந்து சென்றதை நாம் சன்னலிலிருந்து பார்த்தோம். அப்போது உன் முகம் வாடியதைக் கவனித்தேன். அவர்கள் பத்திரமாக இறங்கியதால் அந்தச் சரிவு உறுதியாக இருந்தது என்று ஆகிவிடாது. வலுவற்ற அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை. பத்துப் பேர் கடந்த சரிவு பதினோராவது ஆளின் காலடியில் அறுந்ததுண்டு. தவறான முடிவு எடுத்தவரையும் மலை பெரும்பாலும் உயிரோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் தாங்கள் செய்தது சரியா தவறா என்று தெரியாமலே போகிறது. புதையுண்டவர் பிழைக்க வேண்டுமானால் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்க வேண்டும். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரம் இராது. தோண்ட வேண்டியவர்கள் அங்கே நிற்கும் நண்பர்கள்தாம்.

நம் வீடுகளில் வயதில் மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கே பேசுவதில்லை. அந்த மரியாதையை நான் மதிக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறேன். ஆனால் நாங்கள் நான்கு பேர், நீ அண்ணா என்று அழைக்கும் நான்கு பேர், முன்னே நடந்துகொண்டிருக்கும்போது, முதல் ஆண்டு வந்த நீ நில்லுங்கள் என்று சொல்ல எவ்வளவு திடம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் அன்று எண்ணவே இல்லை.

திரும்பும் வழியில் கணவாயில் உள்ள நினைவிடத்தில் நின்றோம், நினைவிருக்கிறதா? 1910 மார்ச் 4 இரவு, ஒரு பனிச்சரிவு மூடிய இரயில் பாதையைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று இறங்கியது. இறந்த 58 பேரில் 32 பேர் யப்பானியத் தொழிலாளர்கள். கூலிக்கு வந்த அவர்கள், வேண்டாம் என்று சொல்லித் திரும்பிவிடக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நமக்கு அந்த வாய்ப்பு இருந்தது. ஐவரில் அதைப் பயன்படுத்தியவள் நீ மட்டும்தான்.

குடிலுக்கான முன்பதிவில் ஐந்து இடங்களே எடுத்திருக்கிறேன், உன்னுடையதையும் சேர்த்து. புறப்படும் இடத்தில், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடலில் அணியும் சமிக்ஞைக் கருவியான பீக்கனைச் சோதிக்கும்போது இந்த முறை நீ நிற்க வேண்டும். நாங்கள் ஒவ்வொருவராக உன்னைக் கடந்து போகிறோம். மூன்றாம் படியில் நான் பேசாதிருந்ததற்கு மற்றவர்கள் முன்னிலையிலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். அதற்காகவேனும் வா.

அன்புடன்,
அண்ணா