பூட்டிய பாடல்களும் ஒரு சிறிய பிளேயரும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி. நடைப்பயிற்சியின்போது கைபேசியின் தொல்லை இல்லாமல் பாட்டு மட்டும் கேட்பதற்கு ஒரு சிறிய பிளேயர் வாங்கப்போவதாகவும், சந்தா கட்டி ஸ்பாட்டிஃபையில் பதிவிறக்கி வைத்திருக்கும் பாடல்களை அதற்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாதாரண எம்பி3 பிளேயர் என்றால் முடியாது. அதற்கான காரணத்தை வாங்கும் முன்பே நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சந்தாச் சேவை உங்கள் கைபேசியில் இறக்கி வைப்பது மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது பூட்டப்பட்ட கோப்பு. அதைத் திறக்கும் சாவி கோப்புக்குள் இல்லை. சேவையின் செயலி வசம் இருக்கிறது. அந்தச் செயலியும் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்து, உங்கள் சந்தா நடப்பில் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆகவே, கோப்பை அப்படியே நகலெடுத்துப் பிளேயரில் போட்டாலும் அது பாடாது. ஆப்பிள் மியூசிக்கின் நிலையும் இதுவே. ஆப்பிள் நிறுவனமே தயாரித்த சிறிய பிளேயர்களான ஐபாட் நேனோவிலும் ஷஃபிளிலும்கூடச் சந்தாப் பாடல்களை ஏற்ற முடியவில்லை.

இதற்கு ஒரு தீர்வாகத்தான் 2004ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் பல நிறுவனங்களின் பிளேயர்களுக்கும் பாடல் கடைகளுக்கும் பொதுவான 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த ஏற்பாட்டில் சந்தாப் பாடல்களைக் கையடக்கக் கருவிக்கு மாற்ற முடிந்தது; ஆனால் உரிமம் எப்போது காலாவதியாகிறது என்று கணக்கிட, பயனர் திருத்த முடியாத ஒரு கடிகாரம் கருவிக்குள்ளேயே ஓட வேண்டியிருந்தது. அப்படியொரு பிளேயர் என்னிடமும் இருந்தது. பேட்டரி அடியோடு தீர்ந்துபோனால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். மறுபடி மின்னேற்றிப் பார்த்தால், பாடல்களின் பெயர்கள் பட்டியலில் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால், கணினியோடு இணைத்து உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் வரி திரையில் தோன்றி மறைந்து, கருவி அடுத்த பாடலுக்குத் தாவும், அதிலும் அதே வரிதான் வரும். ஒழுங்காகச் சந்தா கட்டியவனுக்கு இந்த அலைக்கழிப்பு எதற்கு என்ற கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம், விலை கொடுத்து வாங்கிய பாடல்களுக்கு நேர்ந்தது. ஆப்பிளின் இணையக் கடையில் வாங்கிய பாடல் 'ஃபேர்பிளே' என்ற பூட்டோடு வந்ததால், ஐபாட் தவிர வேறு பிளேயர்களில் ஓடவில்லை. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'சூன்' (Zune) என்ற தன் சொந்தப் பிளேயரை வெளியிட்டபோது, தானே முன்னின்று பரப்பிய பிளேஸ்ஃபார்ஷ்யூர் பாடல்களை அதுவே ஏற்கவில்லை. பிறகு 2008 ஏப்ரலில், தன் எம்எஸ்என் மியூசிக் இணையக் கடையில் வாங்கிய பாடல்களுக்குப் புதிய கணினியில் உரிமம் வழங்குவதை ஆகஸ்டு 31உடன் நிறுத்தப்போவதாக அறிவித்தது. வாங்கியவர்கள் கொந்தளித்த பின்னரே அந்தக் கெடுவை நீட்டித்தது.

சந்தாப் பாடலுக்குப் பூட்டு இருப்பதை நான் குறை சொல்லவில்லை. மாதம் ஒரு தொகை கட்டி உலகத்து இசையையெல்லாம் கேட்கிறோம், கட்டுவதை நிறுத்தினால் கதவும் அடைபடுகிறது. வாடகை வீட்டுக்கும் அதுதானே வழக்கம்? ஆனால் விற்ற பொருளின் சாவியை விற்றவரே வைத்துக்கொண்டு, தம் கடையை மூடும்போது அதையும் எடுத்துச் செல்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? நல்லவேளையாக, 2007இல் ஈஎம்ஐ என்ற இசை வெளியீட்டு நிறுவனம் பூட்டில்லாத பாடல்களை விற்க முன்வந்தது. அதே ஆண்டில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009இல் ஆப்பிளும் தன் கடையின் பாடல்களிலிருந்து பூட்டை நீக்கிவிட்டது. இன்று பேண்ட்கேம்ப், கோபஸ் போன்ற தளங்களில் வாங்கும் எம்பி3, ஃபிளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு வகை) கோப்புகளைக் கருவி மாறினாலும், கடையே இல்லாமல் போனாலும் நாம் கேட்கலாம்.

எனவே என் யோசனை இதுதான். சந்தாப் பாடல்களே வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டில் இயங்கி, அந்தச் சேவையின் செயலியை நிறுவ இடம் தரும் பிளேயராகப் பாருங்கள். 'எம்பி3 பிளேயர்' என்று மட்டும் எழுதியிருக்கும் மலிவான கருவி அதற்கு உதவாது. நீங்கள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாடல்களை மட்டும் பூட்டில்லாத கோப்புகளாக வாங்கி, இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய குறுந்தகடுகளை நான் இப்போது ஃபிளாக்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்துவிட்டது. உங்களிடம் இருக்கும் குறுந்தகடுகளையும் கண்டெடுத்து வையுங்கள். எந்த மாதிரியை வாங்க நினைக்கிறீர்கள் என்று எழுதினால், அது எந்தெந்தக் கோப்பு வகைகளை ஏற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்